மூன்று பத்திரிகை இடைவெளி

கோயமுத்தூர்ப் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள், கார் சாவியைத்தான் கொடுக்க மாட்டார்கள். பெண் விஷயத்தில் ஜாதகம் பார்க்கலாம், பையன் வேலை செய்யும் கம்பெனிக்கு எதிரே இருக்கும் பேக்கரி வரைக்கும் போய் டீ குடித்தபடி விசாரிக்கலாம், ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். கார் விஷயத்தில் அதற்கெல்லாம் வழியில்லை. பையன் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்த பிறகு பயனில்லை.

என் மாமனாரிடம் மெரூன் நிறத்தில் ஒரு கார் இருந்தது. மழை தூறினால் மாமா முதலில் ஓடிப் போய்க் காருக்கு உறை போடுவார். பிறகு கொடியில் கிடக்கும் துணிகளை எடுக்கச் சொல்லிக் குரல் கொடுப்பார். அதற்கப்புறம்தான் வாசலில் ஸ்கூட்டரோடு நனைந்துகொண்டிருக்கும் என்னைப் பார்த்து, “வாங்க மாப்ளெ, ஏனுங்க அங்கயே நிக்கறீங்க?” என்பார். கார் சாவி பூஜையறையில் முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். சாமி கும்பிடும்போதெல்லாம் என் கண் சாவியின் பக்கம் போய்விடும். அந்த நாட்களில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது முருகனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

எங்கள் கல்யாணமாகி அடுத்த வருடமே என் மச்சினன் கார்த்திக்குக் கல்யாணம் கூடியது. பெண் கொடுமுடிப் பக்கம். மண்டபமும் அங்கேதான். கோயமுத்தூரிலிருந்து மாப்பிள்ளைப் பையனை வைத்து அந்தக் காரை ஓட்டிப் போவது யார் என்பதுதான் எங்கள் வீட்டில் அப்போதைய பெரிய கேள்வி. ஒருபக்கம் என் சகலை, அதாவது என் மனைவி நித்யாவின் அக்கா வீட்டுக்காரர். திருப்பூரில் பனியன் கம்பெனி, சொந்தமாகப் பெரிய கார், ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே மறுகையால் முறுக்கு சாப்பிடும் திறமை. மறுபக்கம் நான். கணபதியில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு. ஓட்டுநர் உரிமம் உண்டு. ஓட்டக் கார்தான் இல்லை.

தரக்கட்டுப்பாடு என்பது தொழில் அல்ல, வியாதி. ஒரு முடியளவு இடைவெளியைக் கண்டுபிடித்து முழு பம்பையும் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்திருக்கும் படங்களை நேராக்குவேன். (ஒரு துக்க வீட்டில் கூட நேராக்கியிருக்கிறேன். மாலையோடு.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா பூஜையறைக்குள் போனார். வெளியே வந்தபோது அவர் கையில் சாவி.

“மாப்ளெ, காங்கேயத்துல பெரியத்தை ஊட்டுக்குப் பத்திரிகை வெக்கோணும். நீங்களும் அம்மணியும் ஒட்டுக்காப் போயி வெச்சுட்டு வந்துருங்க. வண்டியெ எடுத்துக்குங்க.”

பெரியத்தை என்பவர் மாமாவின் அக்கா. குடும்பத்தில் எல்லோருக்கும் பெரியத்தை. எனக்கு முறை வேறு வரும், ஆனால் அவரிடம் முறை பேசும் துணிச்சல் எனக்கு இல்லாததால் எனக்கும் பெரியத்தை. சாவியை வாங்கும்போதே புரிந்துவிட்டது, இது பத்திரிகை வைக்கும் பயணம் அல்ல, ஒத்திகை. இதில் தேறினால் கல்யாண வண்டி எனக்கு. தவறினால் முறுக்குக்காரருக்கு.

போகும்போது பிரமாதமாக ஓட்டினேன். எருமை குறுக்கே வந்தால் அதற்கும் மரியாதையாக நின்று வழிவிட்டேன். பெரியத்தை தோட்டத்துக்குப் போய்த் தாம்பூலத் தட்டில் பத்திரிகையை வைத்துக் கொடுத்து, மறுக்க மறுக்கக் காப்பி குடித்து, கிளம்பினோம். அதற்குள் காரின் டிக்கியில் தேங்காய், முருங்கைக்காய், ஒரு வாழைத்தார் எல்லாம் ஏறியிருந்தன. பெரியத்தை வாசலில் நின்று கையசைத்தார். நானும் ஜன்னல் வழியே ஒரு மந்திரியைப் போலக் கையசைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். தோட்டத்து வழியின் வலதுபக்கம் வேலிக்கு நட்டிருந்த கல்லுக்கால் ஒன்று இருந்தது. நான் மந்திரியாக இருந்த நேரத்தில் அது என் கண்ணில் படவில்லை.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. “டப்” என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். பம்பரின் வலதுமூலை உள்ளே போயிருந்தது. ஹெட்லைட் உடையவில்லை, ஆனால் இருந்த இடத்தில் இல்லை. கல்லுக்கால் லேசாகச் சாய்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தோம். பெரியத்தை உள்ளே போய்விட்டிருந்தார். (அப்படித்தான் நம்பினோம்.)

“போச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சா சாவி மறுபடியும் ஆணிக்குப் போயிரும். இந்த ஜென்மத்துல கெடைக்காது” என்றாள் நித்யா.

“தெரிஞ்சாத்தானே?” என்றேன்.

இப்போது நினைத்தால், அங்கிருந்தே மாமாவைக் கூப்பிட்டு, “இடிச்சுப்போட்டேனுங்க மாமா” என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். ஆனால் சகலையின் முகம் கண்முன் வந்தது. நித்யாவே அப்பாவைக் கூப்பிட்டாள். “அப்பா, இவரு கல்யாணத்துக்கு வண்டியெப் பாலிஷ் போட்டுத் தாரேங்கறாருங்க. கெளம்பற அன்னிக்குக் கொண்டாந்து உடறோம்.”

 மாமா, “அப்படீங்களா? நல்லாப் போடட்டும் கண்ணு. அவசரப்படாமப் போடச் சொல்லு” என்றார். என்ன ஒரு வெள்ளந்தி மனிதர் என்று எனக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது.

உக்கடத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில் காரை விட்டேன். பட்டறைக்காரர் நல்ல பேச்சுக்காரர். இரும்பைத் தட்டுவதைவிடப் பேசுவதில்தான் அவருக்கு ஈடுபாடு அதிகம். இருந்தாலும் பம்பரையும் பெயிண்ட்டையும் பிரமாதமாகச் செய்திருந்தார். குனிந்தால் முகம் தெரிந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. ஹெட்லைட்டைப் பார்த்தேன். இடதுபக்க லைட் உடம்போடு ஒட்டி, கச்சிதமாக இருந்தது. வலதுபக்க லைட் கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. அதற்கும் பானட்டுக்கும் நடுவே ஒரு சந்து.

“அண்ணா, லைட்டு சரியா உக்காரலீங்களே?”

அவர் தூரத்தில் நின்றே பார்த்தார். “அதெல்லாம் ஓட ஓடச் செட் ஆயிருமுங்க” என்றார்.

“தானாவுங்களா?”

“புது மாப்பிள்ளை மாதிரீங்க. முதல்ல ஊட்டுல ஒட்டாம நிக்கும். போகப் போக உக்காந்துக்கும்” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

இந்தியாவில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், “ஓட ஓடச் செட் ஆயிரும்” என்றால் “இனி என்னிடம் வராதே” என்று அர்த்தம். நான் வண்டியை எங்கள் வீட்டுக்கு ஓட்டிவந்து போர்ட்டிகோவில் நிறுத்தினேன். தரக்கட்டுப்பாடு கண்விழித்தது.

முதலில் அளக்க வேண்டும். கம்பெனியில் இடைவெளி அளக்க மெல்லிய தகடுகள் வைத்திருப்போம். அவை கையில் இல்லை. ஆனால் வீட்டில் கார்த்தியின் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருந்தன. நல்ல கெட்டி அட்டை, ஓரத்தில் தங்க நிறம். வலதுபக்கச் சந்தில் ஒரு பத்திரிகையை விட்டேன். போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும் கொஞ்சம் இறுக்கமாகப் போய் நின்றது. இடதுபக்கம் ஒன்றுகூட நுழையவில்லை. ஆக, வலதுபக்கம் மூன்று பத்திரிகை இடைவெளி. ஒரு பம்பில் இப்படி இருந்திருந்தால் அந்தக் கம்பெனியையே மூடச் சொல்லியிருப்பேன்.

வலது லைட்டை உள்ளே தள்ளினேன். வரவில்லை. முழங்கையால் தள்ளினேன். பின்னால் போய் ஸ்க்ரூவைத் தளர்த்தி, திருப்பி முடுக்கி, காலை வைத்துக்கூடத் தள்ளிப் பார்த்தேன். அது மூன்று பத்திரிகையிலேயே பிடிவாதமாக நின்றது. வியர்த்து விறுவிறுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த யோசனைகளிலேயே ஆகச் சிறந்தது என்று அப்போது நினைத்தேன்.

யாருக்கு வேண்டும் சரியாக இருப்பது? சமமாக இருந்தால் போதாதா?

வலதை உள்ளே தள்ள முடியாவிட்டால் இடதை வெளியே இழுத்துவிடலாம். இரண்டு பக்கமும் மூன்று பத்திரிகை என்றால் பார்க்கிறவர்களுக்கு அது காரின் அமைப்பு என்று தோன்றும். கம்பெனிக்காரனே அப்படித்தான் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். நல்ல நிலையில், யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் இருந்த அந்த இடதுபக்க லைட்டை நான் கழற்றினேன்.

கழற்றும்போது பின்னால் “டிக்” என்றது. லைட்டைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் காது ஒன்று உடைந்து கையோடு வந்தது. அதனால் என்ன, இன்னொரு காது இருக்கிறதே. ஸ்க்ரூவுக்குப் பின்னால் வாஷர்களை அடுக்கினேன். உடைந்த காதுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வைத்தேன். பத்திரிகைகளை விட்டுப் பார்த்தேன். மூன்று. வலதுபக்கம் மூன்று, இடதுபக்கம் மூன்று. கண்ணில் நீர் வராத குறை. கம்பெனியில் இதைச் செய்திருந்தால் கைகுலுக்கியிருப்பார்கள்.

நித்யாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இடுப்பில் கைவைத்துக் காரைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

“ஏனுங்க, கார் ஏன் முழிக்குது?”

“எங்க முழிக்குது? ரெண்டு பக்கமும் சமமா இருக்குது பாரு.”

“ரெண்டு கண்ணுலயுந்தான் முழிக்குது. பந்தியில பாயாசம் தீந்துபோச்சுன்னு சொன்னா எங்க அக்கா ஊட்டுக்காரரு முழிப்பாரே, அப்படி முழிக்குது.”

அதற்கும் வழி வைத்திருந்தேன். கல்யாண வண்டிக்கு எப்படியும் பூ அலங்காரம் செய்ய வேண்டும். கிளம்பும் நாள் காலையில் பூ மார்க்கெட்டுக்குக் காரை ஓட்டிப் போய், இரண்டு ஹெட்லைட்டையும் சுற்றிச் செண்டுமல்லி மாலை கட்டச் சொன்னேன். அலங்காரம் செய்பவர், “லைட்டுக்கு யாருங்க மாலை கட்டுவா?” என்று திகைத்தார். “எங்க குடும்ப வழக்கமுங்க” என்றேன். கட்டி முடித்ததும் கார் கோயில் நோம்பிக்கு வெட்டக் கிளம்பிய கிடாவைப் போல இருந்தது. அந்த அடையாளத்தை நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மாமா வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவர் காரைச் சுற்றி வந்தார். வலதுபக்கம் கொஞ்சம் கூடுதலாக நின்றார். “பாலிஷ் நல்லாருக்குதுங்க மாப்ளெ. நீங்களே ஓட்டுங்க” என்றார். பிறகு கிளம்புவதற்கு முன் காருக்குச் சந்தனம், குங்குமம் வைக்க வேண்டுமே? யாராவது லைட்டைத் தொட்டுவிடப் போகிறார்கள் என்று நானே கிண்ணத்தைப் பிடுங்கிப் பானட்டின் நடுவில் ஒரே ஒரு பொட்டு வைத்து, “ஆச்சுங்க, நேரமாச்சு” என்று கார்த்தியை உள்ளே ஏற்றிவிட்டேன். சகலை பின்னால் தன் காரில் வந்தார். கண்ணாடியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதுகு நிமிர்ந்தது.

பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைத் தொட்டில் மாதிரி ஏற்றி இறக்கினேன். கார்த்தி, “மாமா, இப்படிப் போனா முகூர்த்தம் முடிஞ்சுதான் சேருவோமுங்க” என்றான். அவனுக்கு என்ன தெரியும்? அவன் கல்யாணம் மட்டும்தான் செய்துகொள்ளப் போகிறான். நான் ஹெட்லைட்டைக் காப்பாற்றிக்கொண்டு போகிறேன்.

சாயங்காலத்துக்கு முன்பே கொடுமுடி சேர்ந்தோம். மண்டபத்து வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கியது. பெண் வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டுகளோடு நின்றார்கள். நான் கம்பீரத்துக்காக நான்கு மூலையிலும் மினுக்கும் விளக்கைப் போட்டபடியே மெல்ல வந்து நிறுத்தினேன். ஒரு கீறல் இல்லை. மாமா முன்னால் நின்று தலையசைத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியத்தை வந்தார். காங்கேயத்திலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்திருக்கிறார். கையில் சந்தனக் கிண்ணம்.

“ஏனுங்க, மாப்பிள்ளை ஏறிவந்த வண்டி. லைட்டுக்கு ஒரு பொட்டு வெக்காமயா கூட்டிட்டு வந்தீங்க?”

நான் கதவைத் திறந்து குதித்தேன். “பானட்டுல வெச்சிருக்குதுங்க பெரியத்தை!”

“பானட்டுல வெச்சா லைட்டுக்கு ஆச்சுங்களா?” என்றபடி வலதுபக்க மாலையை ஒதுக்கினார். சந்தனத்தைத் தொட்டு, குழந்தைக்கு வைப்பதுபோல மெதுவாக ஒரு பொட்டு வைத்தார்.

“டக்” என்று ஒரு சத்தம்.

வலதுபக்க லைட் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு கச்சிதமாக. மூன்று பத்திரிகை என்ன, ஒரு பத்திரிகையின் தங்க ஓரம்கூட நுழையாது. காங்கேயம் ரோட்டில் ஓட ஓட அது செட் ஆகியிருக்கிறது! பட்டறைக்காரர் வாழ்நாளெல்லாம் எல்லோருக்கும் சொன்ன அந்த வாக்கு எனக்குப் பலித்திருக்கிறது! ஒரு நொடி எனக்கு ஆனந்தம். அடுத்த நொடி, இடதுபக்கம் மட்டும் இன்னும் மூன்று பத்திரிகையில் நிற்கிறது என்பது உறைத்தது. அதற்கடுத்த நொடி பெரியத்தை இடதுபக்கம் போய்விட்டார்.

“வேண்டாமுங்க! அது... அதுக்கு வேண்டாமுங்க!”

“ஏனுங்க, ஒண்ணுக்கு வெச்சுப்போட்டு ஒண்ணுக்கு வெக்காம உடறதா?” என்று பெரியத்தை கட்டைவிரலைச் சந்தனத்தில் நன்றாகத் தோய்த்து, தேங்காய் மட்டை உரித்துப் பழகிய கையால், அழுத்தி வைத்தார்.

ஒரு ஓரம் உள்ளே போனது. மறு ஓரம் வெளியே வந்தது. பிறகு லைட் முழுதாக வெளியே வந்து, ஒயரில் தொங்கியது. செண்டுமல்லி மாலையோடு, நெற்றியில் சந்தனப் பொட்டோடு, ஊசலாடியது. அதற்குப் பக்கத்து மஞ்சள் விளக்கு மட்டும் கடமை தவறாமல் மினுக் மினுக் என்று மினுக்கிக்கொண்டிருந்தது.

பேண்டு வாத்தியம் நின்றுவிட்டது. வீடியோக்காரர் மட்டும் நிற்காமல் கிட்டே வந்தார். பெண் வீட்டுக் கூட்டத்தில் யாரோ, “மாப்பிள்ளை வந்து எறங்கறப்ப வெளக்கு வுழுகலாமா?” என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.  சாவி போனால் போகிறது. ஒரு பையனின் கல்யாணத்தில் என்னால் அபசகுனம் என்று பேச்சு வந்துவிட்டால்? கார்த்தியும் காருக்குள் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். உண்மையாகவே அழுகை வந்தது.

மாமா முன்னால் வந்தார். தொங்கும் லைட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எப்போதும்போல நிதானமாக, மரியாதையாக, அந்த மண்டபத்து வாசல் முழுவதும் கேட்கும்படி கேட்டார்:

“ஏனுங்க மாப்ளெ, நீங்க இடிச்சது வலதுபக்கமுங்களே. இடதுபக்கம் எப்படீங்க வுழுந்துச்சு?”

 “மாமா... உங்களுக்கு...” என்றேன்.

“என்ற தோட்டத்துக் கல்லுக்காலு சாஞ்சு கெடக்குது, மேல மெரூன் பெயிண்ட்டு. எனக்குத் தெரியாதுங்களா?” என்றார் பெரியத்தை. “அன்னிக்கே போன் பண்ணிப்போட்டேன். தம்பிதான், மாப்ளெ சங்கடப்படுவாரு, யாரும் கேக்க வேண்டாம்னு சொன்னாப்ல. அதனாலதான் வலதுபக்கத்துக்கு மெதுவா வெச்சேன். இடது நல்லாருக்குமேன்னு நம்பித்தானுங்க அழுத்தினேன்!”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வேறு வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

“வலது கொஞ்சம் முன்னாடி நின்னுச்சுங்க மாமா. ரெண்டும் சமமா இருக்கட்டும்னு... இடதையும் இழுத்து உட்டேனுங்க.”

முதலில் சிரித்தது மாமா. அந்த மனிதர் சத்தமாகச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அப்புறம் சகலை காரின்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். ஆரத்தித் தட்டு வைத்திருந்த பெண்களின் கை குலுங்கி மஞ்சள் தண்ணீர் சிந்தியது. கார்த்தி சிரித்த சிரிப்பில் மாலையில் இருந்த ரோஜா இதழ்கள் உதிர்ந்தன. சகுனம் பேசிய குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்த கல்யாணப்பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சகலையே பூக்கட்டும் வாழைநாரை வாங்கிவந்து லைட்டைக் கட்டினார். எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொன்னார்: “உடுங்க சகல, எல்லாத்துக்கும் நடக்கறதுதான்.” (யாருக்கும் நடக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.) நான் போய் மாமாவிடம் சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“பொண்ணு மாப்பிள்ளையெ நீங்களே கூட்டிட்டுப் போங்க மாப்ளெ. இனி அதுல வுழுகறதுக்கு என்னங்க இருக்குது?”

அந்த வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை, கார்த்தியின் கல்யாண நாளன்று, தவறாமல் வரும். தாலி கட்டுவது வராது. லைட் தொங்குவதுதான் வரும். குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும் பெரியத்தை சந்தனக் கிண்ணத்தோடு வண்டிமுன் நின்று, கூட்டத்தில் என்னைத் தேடி, “ஏனுங்க லைட்டு மாப்ளெ, தொடலாங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டு வைப்பார். போன மாதம் சகலை வாங்கிய புதுக் காருக்கும் அப்படித்தான். நான் போய் இரண்டு லைட்டையும் அழுத்திப் பார்த்து, “தொடலாமுங்க” என்று சொன்ன பிறகுதான் பூஜை நடந்தது.

சாவி இப்போதும் முருகன் படத்துக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. ஆனால் நான் கேட்க வேண்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் மாமாவே எடுத்துவந்து கையில் கொடுப்பார். கொடுக்கும்போது முகத்தில் சிரிப்பே இருக்காது.

“போயிட்டு வாங்க மாப்ளெ. இடிச்சா ஒரு பக்கம் மட்டும் இடிச்சாப் போதுமுங்க. இன்னொரு பக்கத்தெச் சமம் பண்ண வேண்டாமுங்க.”